புட்டிங்குக்காகக் காலத்தைத் தாண்டியவள்: வீட்டோடு உட்கார்ந்து பார்க்க ஒரு டைம் டிராவல் படம்

டைம் டிராவல் படம் என்றாலே எடுத்தவுடன் ஒரு பெரிய காரியம் வந்துவிடும். யாரோ சாவதைத் தடுக்க வேண்டும், உலகம் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் லாட்டரியில் எந்த எண் விழுந்தது என்றாவது தெரிந்துகொண்டு திரும்பி வர வேண்டும். 2006இல் ஜப்பானில் வந்த 'த கேர்ள் ஹூ லெப்ட் த்ரூ டைம்' என்ற அனிமேஷன் படத்தில் மகோட்டோ என்கிற 17 வயதுப் பள்ளி மாணவிக்குக் காலத்தில் பின்னோக்கித் தாவும் சக்தி கிடைக்கிறது. அவள் அதை வைத்து ஆசையாகச் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, தங்கை எடுத்துத் தின்றுவிட்ட தன் புட்டிங்கை, தங்கை கைவைப்பதற்கு முன்னால் போய்த் தானே தின்றுவிடுவது. இந்த ஒரு காட்சியிலேயே நான் படத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அந்த வயதில் இப்படி ஒரு சக்தி கையில் கிடைத்தால் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள், உலகத்தைக் காப்பாற்றுவதெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க ஒரு டைம் டிராவல் படம் சொல்லு என்று கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். ஓடும் நேரம் 98 நிமிடம். பெரியவர்கள் தர்மசங்கடப்பட்டு ரிமோட்டைத் தேட வேண்டிய காட்சி கிடையாது, ரத்தம் கிடையாது, வில்லன்கூடக் கிடையாது. வில்லனே இல்லாத ஒரு டைம் டிராவல் படம் எப்படி நம்மை நுனி சீட்டில் உட்கார வைக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

கதையை அதிகம் கெடுக்காமல் சொல்கிறேன். டோக்கியோவில் ஒரு மேல்நிலைப் பள்ளி. கோடை விடுமுறைக்கு முந்தைய ஜூலை மாதம். மகோட்டோ காலையில் எழுந்திருக்க மாட்டாள், மூச்சுப் பிடித்து சைக்கிளை மிதித்து மணி அடிக்கிற நேரத்துக்கு வகுப்புக்குள் ஓடி வருவாள். அவளுக்கு இரண்டு நெருங்கிய நண்பர்கள், இரண்டு பேரும் பையன்கள். கோஸ்கே நன்றாகப் படிக்கிறவன், மருத்துவம் படிக்கப் போகிறவன். சியாகி அந்த வருடம்தான் வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்தவன், சிவப்பு முடி, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். பள்ளி முடிந்ததும் மூன்று பேரும் மைதானத்தில் பேஸ்பால் பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடுவார்கள். ஆட்டம் என்று சொல்லக்கூட முடியாது. ஒருவன் அடிக்க, ஒருவர் எறிய, ஒருவர் பிடிக்க, நடுவே வாய் ஓயாமல் பேச்சு. அடுத்த வருடம் கலைப் பிரிவா அறிவியல் பிரிவா என்று பள்ளியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கோஸ்கேவுக்குப் பதில் தெரியும், மகோட்டோவுக்கு எதுவும் தெரியாது, அதைப் பற்றி யோசிக்கவும் அவளுக்கு இஷ்டமில்லை. இப்படியே இந்த மைதானம், இந்த இரண்டு பேர், இந்தப் பந்து என்று போய்க்கொண்டிருந்தால் போதும் என்பதுதான் அவள் ஆசை. படம் முழுக்க அவள் எடுக்கிற முடிவு எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஆசையில்தான் இருக்கிறது.

ஒரு நாள் அவளுக்கு எல்லாமே தப்பாகப் போகிறது. முன்னறிவிப்பில்லாமல் ஒரு தேர்வு, அதில் கோட்டை விடுகிறாள். சமையல் வகுப்பில் டெம்புரா பொரிக்கும்போது எண்ணெய் தீப்பிடிக்கிறது. மாலையில் அம்மா சித்தியிடம் கொடுக்கச் சொன்ன பீச் பழங்களை எடுத்துக்கொண்டு சைக்கிளில் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே ரயில்வே கேட். கேட் மூடியிருக்கிறது. ரயில் வருகிறது. அவள் காற்றில் தூக்கி எறியப்படுகிறாள், பார்க்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது, அடுத்த நொடி அவள் மறுபடி சரிவின் மேலேயே விழுந்து கிடக்கிறாள். சில நிமிடம் பின்னால் வந்துவிட்டாள். அன்று பள்ளி ஆய்வகத்தை ஒட்டிய அறையில் வால்நட் கொட்டை மாதிரி ஏதோ ஒன்றின் மேல் தடுக்கி விழுந்தாளே, அதுதான் காரணம், ஆனால் அது என்ன, யாருடையது என்பது பின்னால்தான் தெரியும்.

காலத்தைத் தாண்ட இந்தப் படத்தில் எந்திரம் இல்லை, கார் இல்லை, மின்னல் இல்லை. ஓடி வந்து தாவ வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அவள் போய்ச் சேரும் இடத்தில் உருண்டு புரண்டு எதன் மேலாவது போய் இடித்துக்கொண்டுதான் விழுகிறாள். சக்தி கிடைத்த பிறகும் அவள் நளினமாக மாறிவிடுவதில்லை, கடைசி வரை அதே முரட்டுத் தாவல்தான், அதே முட்டியடிதான். இன்னொரு நல்ல விஷயம், பின்னால் போனால் அங்கே இன்னொரு மகோட்டோ நின்றுகொண்டிருக்க மாட்டாள். இருப்பவள் ஒருத்திதான், அவளே அந்த நேரத்துக்கு வந்துவிடுகிறாள். ஆகவே பேப்பரில் அம்புக்குறி போட்டு யார் எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் என்று விளக்க வேண்டிய தேவையே இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூட ஐந்து நிமிடத்தில் விதி பிடிபட்டுவிடும்.

பிடிபட்டதும் ஆரம்பிக்கிறது கொண்டாட்டம். நடந்து முடிந்த தேர்வையே திரும்ப எழுதி முழு மதிப்பெண். கரோக்கி அறையில் நேரம் முடிந்ததும் ஒரு தாவல், மறுபடி முதலிலிருந்து பாட்டு, மறுபடி நேரம் முடிகிறது, மறுபடி தாவல், தொண்டை கட்டிப்போகும் வரை. பிடித்த சாப்பாடு செய்த நாளுக்குத் திரும்பிப்போய் அதையே இன்னொரு தடவை சாப்பிடுகிறாள். வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் பகுதி இது, குறிப்பாக அவள் சிரிக்கும் அந்த வெற்றிச் சிரிப்பு, தொண்டையிலிருந்து உருண்டு வருகிற ஒரு கெக்கலிப்பு. குரல் கொடுத்தவர் ரீசா நாகா. அப்போது அவரும் பதின்ம வயதில் இருந்தவர்தான், அதனால் பெரியவர் ஒருவர் பிள்ளைக் குரலில் பேசுகிற செயற்கை எங்கேயும் எட்டிப் பார்ப்பதில்லை. 2010இல் இதே தலைப்பில் நிஜ நடிகர்களை வைத்து வேறொரு படம் எடுத்தபோது, வேறொரு பாத்திரத்தில் அதன் நாயகியாகவும் அவரே நடித்தார்.

சரி, இதெல்லாம் ஜாலி. படம் தன் கையிலிருக்கும் உண்மையான சரக்கை இறக்குவது சைக்கிள் காட்சியில்.

மாலை வெயில், ஆற்றங்கரை. சியாகி சைக்கிளை மிதிக்கிறான், மகோட்டோ பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். கோஸ்கேவிடம் ஒரு பெண் வந்து தன் விருப்பத்தைச் சொன்னதைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியே போகிற போக்கில், திரும்பிக்கூடப் பார்க்காமல், நாம் இருவரும் பழகலாமா என்கிற மாதிரி சியாகி கேட்டுவிடுகிறான். அவள் முதலில் கிண்டல் என்று நினைக்கிறாள். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை, தாவிவிடுகிறாள். மறுபடி அதே ஆற்றங்கரை, அதே சைக்கிள். இந்தத் தடவை பேச்சை வேறு பக்கம் திருப்புகிறாள். சுற்றி வளைத்து அது திரும்ப அங்கேயே வந்து நிற்கிறது, அவன் திரும்பக் கேட்கிறான். மறுபடி தாவல். மறுபடி அவன் கேட்கிறான். கடைசியில் அவன் சைக்கிளில் ஏறாமலே இருந்துவிடுவதுதான் வழி என்று முடிவு செய்து தனியாக நடந்து போகிறாள்.

முதல் தடவை பார்க்கும்போது இந்தக் காட்சி சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் நெஞ்சு கனத்துவிடும். அந்தப் பையன் அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த தைரியத்தை எடுத்து ஒரு வார்த்தை கேட்டான். அவள் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்தே அழித்துவிட்டாள். அவனுக்குத் தான் கேட்டது நினைவில் இல்லை, அவளுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவனுக்கு வலித்திருக்கும், ஆனால் அவன் கேட்டது நடந்த ஒன்றாக இருந்திருக்கும். அவள் அவனுக்கு அதையும் தரவில்லை. இதைப் படம் எங்கேயும் வசனமாகச் சொல்லவில்லை, மறுநாள் வகுப்பறையில் அவள் அவனை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் தவிப்பதையும், அவன் ஏன் என்று புரியாமல் முழிப்பதையும் மட்டும் காட்டுகிறது. அப்புறம் சியாகியின் கவனம் மகோட்டோவின் தோழி யூரி பக்கம் திரும்பும்போது, வேண்டாம் என்று தானே ஒதுக்கித் தள்ளிய ஒன்றுக்காக ஏன் இப்படிக் குமுறுகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. பதின்ம வயது மனசை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த டைம் டிராவல் படம் வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இதே கணக்கு சமையல் வகுப்பிலும் இருக்கிறது. தீப்பிடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த மகோட்டோ, தன் இடத்தைச் சக மாணவன் தகாசேவிடம் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாள். தீ பிடிக்கிறது, மானம் போவது அவனுக்கு. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை, வகுப்பில் சிலர் அதை வைத்து அவனைச் சீண்ட ஆரம்பிக்கிறார்கள், சீண்டல் வளர்கிறது, ஒரு நாள் அவன் பொறுமை இழந்து தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற அளவுக்குப் போகிறது. அவள் தப்பித்த ஒவ்வொரு சின்னத் தொல்லைக்கும் பில் வேறு யாரோ ஒருவர் கைக்குப் போகிறது. அந்தப் பையனை முதலில் நாம் கவனிக்கவே கவனிக்காத ஒரு முகமாகத்தான் படம் காட்டுகிறது, அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான், ஏனென்றால் மகோட்டோவும் அவனை அப்படித்தான் பார்க்கிறாள்.

பெரியவர்கள் யாராவது உட்கார வைத்து அறிவுரை சொல்லியிருந்தால் படம் அங்கேயே படுத்திருக்கும். இங்கே அறிவுரை சொல்லக்கூடிய ஒரே ஆள் மகோட்டோவின் சித்தி காசுகோ. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிற வேலை, கல்யாணம் செய்துகொள்ளாதவர், மகோட்டோ அவரை மந்திரக்காரச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். தான் காலத்தைத் தாண்டிவிட்டதாக மகோட்டோ பதறி அடித்துக்கொண்டு வந்து சொல்லும்போது சித்தி கொஞ்சமும் அலட்டிக்கொள்வதில்லை, உன் வயதில் அப்படியெல்லாம் நடக்கும் என்கிற தோரணையில் பேசுகிறார். பிறகு ஒரு இடத்தில் மட்டும், உனக்கு லாபம் வந்த இடத்தில் வேறு யாருக்காவது நஷ்டம் வந்திருக்கலாம் இல்லையா என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், தொடர்ந்து போதனை இல்லை, பழையபடி வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

இந்தச் சித்தி பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது, தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் ஆழமாகும். யாசுதாகா சுட்சுய் எழுதி 1967இல் புத்தகமாக வந்த நாவல் ஒன்று ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படுகிறது, அதே தலைப்பு. அந்த நாவலின் நாயகி பெயர்தான் காசுகோ. அந்தப் பள்ளி மாணவி வளர்ந்து பெரியவளாகி இப்போது இன்னொரு பள்ளி மாணவிக்குச் சித்தியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் மகோட்டோ சொல்வதைக் கேட்டு அவர் ஏன் அசரவில்லை என்பதும், அவருடைய அறையில் இருக்கும் பள்ளிக்காலப் புகைப்படத்தின் மேல் கேமரா ஏன் நிற்கிறது என்பதும் புரியும். இதை இயக்குநர் மமோரு ஹொசோடா பெரிதாக எடுத்துக் காட்டுவதில்லை. நாவலைப் படிக்காதவர்களுக்கு அவர் கொஞ்சம் விசித்திரமான, அன்பான ஒரு சித்தி. படித்தவர்களுக்கு, காத்திருந்தே வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கழித்த ஒரு பெண். எந்த வழியில் போனாலும் குறை இல்லை. பழைய கதையை மறுபடி எடுக்கிறேன் என்று கிளம்புகிற எல்லோரும் இந்த ஒரு பாத்திரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அதே கதையைத் திரும்பச் சொல்லாமல் அந்தக் கதைக்கு ஒரு வயது கூட்டியிருக்கிறார்கள். திரைக்கதை சடோகோ ஒகுதெரா, அவருக்கு ஒரு தனி வணக்கம்.

படத்தின் தோற்றத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாத்திரங்களின் முகத்திலும் உடலிலும் நிழல் போட மாட்டார்கள், தட்டையான நிறம், மெல்லிய கோடு. ஹொசோடா படங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். முதல் சில நிமிடம், என்ன இது முடிக்காமல் விட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம், ஆனால் அந்த எளிமையான உருவங்கள் ஓடும்போதும் விழும்போதும் அழும்போதும் அசைகிற அசைவைப் பார்த்தால் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று புரிந்துவிடும். மகோட்டோ அழுகிற காட்சி ஒன்று வருகிறது. அழகாக ஒரு துளி கன்னத்தில் வழிவதெல்லாம் இல்லை, வாயைப் பெரிதாகத் திறந்து, சின்னக் குழந்தை மாதிரி ஓலமிட்டு, நடந்துகொண்டே அழுகிறாள். முகம் கோணுகிறது. எனக்குத் தெரிந்து அனிமேஷனில் ஒரு பெண்ணை இவ்வளவு நேர்மையாக அழ விட்டது குறைவு.

உருவங்களில் இல்லாத நுணுக்கம் எல்லாம் பின்னணியில் இருக்கிறது. கலை இயக்கம் நிசோ யமமோட்டோ, ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் நிறுவனமான ஸ்டூடியோ ஜிப்லியின் பெரிய படங்களில் வேலை செய்த கை. ஜூலை மாத வானத்தில் மலைமலையாக எழும்பி நிற்கும் வெண்மேகம், மதிய வெயிலில் ஆளில்லாத வகுப்பறை, ஆய்வக அலமாரியின் கண்ணாடி, சரிவின் இரண்டு பக்கமும் கடைகள். கோடை முடியப் போகிறது, பள்ளி வாழ்க்கை முடியப் போகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, வானம் சொல்லிவிடுகிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். அதே சரிவு, அதே மைதானம், மகோட்டோவும் சியாகியும் பிரிந்து போகிற அதே தெரு முனை, இவை திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் கேமரா அதே கோணத்தில்தான் இருக்கும். சட்டகம் மாறாததால் உள்ளே மாறியது என்ன என்று நம் கண் தானாகத் தேடுகிறது. போன தடவை இருந்தவர் இந்தத் தடவை இல்லை, போன தடவை சிரித்தவள் இந்தத் தடவை தலை குனிந்திருக்கிறாள். டைம் டிராவலை விளக்கப் பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இவர் கேமராவை நகர்த்தாமல் வைத்தே வேலையை முடித்துவிட்டார். இசையிலும் அதே யோசனை. கியோஷி யோஷிடாவின் பின்னணி இசையோடு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' பியானோவில் வருகிறது. அந்த இசைத்தொகுப்பே ஒரு மெட்டை எடுத்து 30 விதமாக மாற்றி வாசித்துவிட்டுக் கடைசியில் முதல் மெட்டுக்கே திரும்பி வருவது. ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வேறு விதமாக வாழ்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இசை கிடைக்காது. ஹொசோடாவோ இசையமைப்பாளரோ யாருடைய யோசனையாக இருந்தாலும் கை கொடுக்க வேண்டும்.

கிளைமாக்ஸ் பக்கம் ஒரு ஓட்டம் இருக்கிறது. மகோட்டோ ஓடுகிறாள், பக்கவாட்டில் கேமராவும் கூடவே போகிறது. ஒரு கட்டத்தில் அவளால் ஈடு கொடுக்க முடியாமல் சட்டகத்துக்கு வெளியே பின்தங்கிப் போய்விடுகிறாள், காலி இடம் மட்டும் நகர்கிறது, அப்புறம் மூச்சிரைக்க உள்ளே வந்து கேமராவைப் பிடித்துவிடுகிறாள். முதல் பாதி முழுக்க ஒவ்வொன்றையும் தாவித் தாவித் தவிர்த்தவள், இப்போது ஒவ்வொரு அடியாக ஓடி ஒரு இடத்துக்குப் போகப் பார்க்கிறாள். வெட்டு இல்லாமல் அவளை ஓட விட்டதற்காகவே இந்த இயக்குநரை எனக்குப் பிடிக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. நடுவில் கோஸ்கேவையும் காஹோ என்கிற ஜூனியர் பெண்ணையும் சேர்த்து வைக்க மகோட்டோ படாத பாடு படுகிற பகுதி கொஞ்சம் நீளம், அதில் ஒன்றிரண்டு தாவல்களைக் குறைத்திருந்தால் படம் இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும். பெரிய பிரச்சினை பின்பாதியில். அந்தக் கொட்டை எங்கிருந்து வந்தது, யார் கொண்டு வந்தார்கள் என்பது தெரியவரும் காட்சி கண்ணுக்கு அற்புதமாக இருக்கிறது, ஆனால் அதுவரை கண்ணால் மட்டும் கதை சொன்ன படம் அங்கே திடீரென்று ஒருவரை நிறுத்தி வைத்து நீளமாகப் பேச வைக்கிறது. அருங்காட்சியகத்தில் சித்தி செப்பனிடுகிற ஒரு பழைய ஓவியத்துக்கும் கதைக்கும் தொடர்பு உண்டு, அந்த ஓவியம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குப் படம் பாதிப் பதில்தான் தருகிறது. எனக்கு அந்தப் பாதிப் பதில் போதும், ஆனால் எல்லா முடிச்சும் அவிழ்ந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு உறுத்தும். இன்னும் எத்தனை தாவல் மிச்சம் என்று மகோட்டோவின் கையில் தெரிகிற ஒரு எண் குறைந்துகொண்டே வருகிற விஷயத்திலும், கடைசியில் அதற்கு நேர்வதிலும், நோட்டு எடுத்துக் கணக்குப் போட்டால் ஓட்டை தெரியலாம். படம் மனசின் கணக்கில் நேர்மையாக இருக்கிறது, அதனால் நான் அந்த ஓட்டையை மன்னித்துவிட்டேன்.

அப்பா அம்மா பாத்திரங்கள் சும்மா வந்து போகிறார்கள். ஒரு குடும்பப் படம் என்று நினைத்து உட்காருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். வீட்டுச் சாப்பாட்டு மேசை வருகிறது, தங்கையோடு சண்டை வருகிறது, அதற்கு மேல் இல்லை. ஆனால் 17 வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு வீடு அப்படித்தானே தெரியும், சாப்பிடவும் தூங்கவும் ஒரு இடம், உயிர் முழுக்க பள்ளி மைதானத்தில். அந்த உயிரையும் மடித்து மூடுகிற பழைய செல்போன்கள்தான் இணைக்கின்றன, ஸ்மார்ட்போன் இல்லை, ஆகவே ஒருவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும், ஓடிப் போக வேண்டும். இந்தக் கதைக்கு அது பெரிய பலம்.

பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயில்வே கேட் காட்சி உண்மையிலேயே பயமுறுத்தும், அதே இடம் பின்னால் ஒரு தடவை இன்னும் பெரிய பதற்றத்தோடு திரும்ப வரும், சிறு குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தகாசேவைச் சீண்டும் காட்சிகள் சில பிள்ளைகளுக்குத் தங்கள் வகுப்பை நினைவூட்டலாம், நடுவே நிறுத்திப் பேச வேண்டுமென்றால் தாராளமாக நிறுத்துங்கள், படம் அதனால் கெட்டுவிடாது. காதல் உண்டு, ஆனால் அது முழுக்கச் சொல்லத் தெரியாத காதல், சைக்கிளின் பின் சீட்டிலும் மைதானத்திலும் தெருமுனையிலும் தடுமாறுகிற காதல். 10, 11 வயதிலிருந்து யாரும் பார்க்கலாம் என்பது என் கணிப்பு, அதற்குக் கீழே இருப்பவர்கள் முதல் பாதியை ரசித்துவிட்டுப் பின்பாதியில் நெளிவார்கள். பெரியவர்களுக்குப் பின்பாதிதான் உள்ளே இறங்கும்.

முடிந்தவரை ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள், ரீசா நாகாவின் அந்தச் சிரிப்பைத் தவறவிடக் கூடாது. சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்க முடியாத பிள்ளைகள் இருந்தால் ஆங்கில டப்பிங் இருக்கிறது, அதுவும் மோசமில்லை. படத்தின் கடைசியில் வரும் 'கார்நெட்' பாட்டு ஹனாகோ ஓகு பாடியது, பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அணைத்துவிடாதீர்கள்.

ஜப்பானில் வெளியானபோது இதற்குக் கிடைத்தது சொற்பத் தியேட்டர்கள்தான். பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லித்தான் கூட்டம் கூடியது, ஜப்பான் அகாடமி விருதில் சிறந்த அனிமேஷன் படம் என்ற பிரிவை முதன்முதலாகத் தொடங்கியபோது அந்த முதல் விருதையும் இதுவே வாங்கியது. ஹொசோடா அதற்குப் பிறகு எடுத்த 'சம்மர் வார்ஸ்', 'உல்ஃப் சில்ட்ரன்' எல்லாம் இதைவிடப் பெரிய படங்கள், அளவிலும் செலவிலும். ஆனாலும் ஒரு பதின்ம வயதுப் பிள்ளைக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

நோபுஹிகோ ஒபயாஷி 1983இல் எடுத்த பழைய படமும் இருக்கிறது, நாவலின் கதை, காசுகோ பள்ளி மாணவியாக வருவாள். அதை முதலில் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதைப் பார்த்துவிட்டு அந்தச் சித்தியைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசை வந்தால் அப்போது தேடிப் பிடியுங்கள், அந்த வரிசையில் பார்ப்பதுதான் நன்றாக இருக்கும்.